கொடைக்கானல் மேல்மலையில் காட்டேஜ் புக் செய்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கொடைக்கானல் டவுன் கூட்டம் வேண்டாம், இன்னும் உள்ளே போய் மேல்மலைப் பக்கம் அமைதியாகத் தங்கலாம் என்று காட்டேஜ் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை எல்லாமே பார்க்க வேண்டிய ஊர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊர்களின் பெயரை வைத்துக்கொண்டு இன்ஸ்டாவில் ரீல் போட்டு அட்வான்ஸ் வாங்குகிற சிலர் குடும்பங்களை எப்படி நடுமலையில் கொண்டுபோய் மாட்டிவிடுகிறார்கள் என்பதை நாங்கள் அனுபவித்துவிட்டு வந்திருக்கிறோம்.

அரையாண்டு விடுமுறைக்கு மதுரையிலிருந்து நான், கணவர், பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா எல்லோரும் ஒரே காரில் கிளம்பினோம். நாங்கள் புக் செய்த இன்ஸ்டா பக்கத்தின் பெயரைப் போடவில்லை, வழக்கு வேலை நடக்கிறது. படத்தில் இருந்தது ஏ வடிவத்தில் ஒரு மரவீடு, முன்னால் மரத்தளம், அதில் இரண்டு பிரம்பு நாற்காலி, கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சாக மேகம். ஓர் இரவுக்கு 6,500 ரூபாய், பாதி அட்வான்ஸ். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் கேட்க வேண்டியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டேன். கார் வாசல் வரை வருமா? "தார் ரோடு மேடம், வாசல்லயே பார்க்கிங்." பாத்ரூம் ரூமோடு சேர்ந்ததா? "அட்டாச்டுதான் மேடம், கீசர் இருக்கு." கம்பளி போதுமான அளவு இருக்குமா? "எல்லாம் இருக்கு, நீங்க வந்தா மட்டும் போதும்." இந்த மூன்று பதிலும் பச்சைப் பொய்.

முதலில் உறுத்தியது இ-பாஸ் விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். அரசு தளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம், ஒரு பைசா கிடையாது. இவர்களோ "இ-பாஸ் நாங்களே போட்டுத் தர்றோம், 500 அனுப்பிடுங்க" என்றார்கள். வேண்டாம், நாங்களே எடுத்துவிட்டோம் என்றதும் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். இலவசமான ஒன்றுக்கு யாராவது காசு கேட்டால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

வத்தலக்குண்டு வழியாக ஏறி, வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் சோதனை முடிந்து, டவுனில் சாப்பிட்டுவிட்டு, பூம்பாறையைத் தாண்டும்போது நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை வழி நெடுக "எங்க வர்றீங்க மேடம்" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்த புக்கிங் ஆள், பூம்பாறையைத் தாண்டிவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "மேடம், அந்தக் காட்டேஜ்ல தண்ணி பைப் உடைஞ்சு போச்சு. அதே லெவல்ல வேற ஒண்ணு அரேஞ்ச் பண்ணியிருக்கோம், லொகேஷன் அனுப்புறேன்." இந்த நேரக் கணக்கைக் கவனியுங்கள். டவுனில் இருக்கும்போது சொல்லியிருந்தால் அங்கேயே ஏதாவது லாட்ஜில் ரூம் போட்டிருப்போம். மன்னவனூர் டவுனிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், முழுக்க வளைவு, டிசம்பரில் ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்கி எதிரே வருகிற வண்டியின் லைட்கூட மங்கலாகத்தான் தெரியும். போன் சிக்னலும் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போய்விடும். வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மோசடியே அதை நம்பித்தான் நடக்கிறது.

அவர்கள் அனுப்பிய லொகேஷன் ஒரு டீக்கடை முன்னால் முடிந்தது. அங்கிருந்து மேலே கார் போகாது, ஜீப்தான், போக வர 2,000 ரூபாய். அதுவும் நம் செலவு. ஜீப் என்றால் சாலை கிடையாது, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நடுவே மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளம். அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவர், நிற்கும்வரை திறக்கவில்லை.

மேலே இருந்தது பிளைவுட் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் போகிற அளவுக்கு இடைவெளி, அதில் பழைய சிமெண்ட் சாக்கைத் திணித்து வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, பச்சை நைலான் கயிற்றால் ஆணியில் கட்டியிருந்தது. மெத்தையைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது. ஐந்து பேருக்கு மூன்று கம்பளி, ஒன்றில் யாரோ குடித்துவிட்டு வாந்தி எடுத்த வாடை. கீசர் என்று சுவரில் ஒரு டப்பா இருந்தது, அதற்குப் போகிற ஒயரே இல்லை. பாத்ரூம் வெளியே, சரிவில் இறங்கித் தனியாக இருந்தது, விளக்குக் கிடையாது. சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தலைக்கு 350 வாங்கிக்கொண்டு வேகாத சோறும் தண்ணீராக ஒரு குழம்பும் கொடுத்தார்கள்.

எட்டு மணி போல அந்தப் பாத்ரூம் வழியில் காட்டுமாடு வந்து நின்றது. டார்ச் அடித்தால் கண் இரண்டும் மின்னியது, ஆள் உயரத்துக்கு இருந்தது. அது மேய வருகிற இடம் அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் விடிகிற வரை அம்மா ஒன்றுக்குக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கவும் மறுத்துவிட்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர் தாங்கவில்லை, வேறு கம்பளி வேண்டும் என்று போனில் கேட்டபோது அந்த ஆள் சொன்னது: "பார்பிக்யூ அடுப்புல கரி போட்டு ரூமுக்குள்ள வெச்சுக்குங்க மேடம், கதகதன்னு இருக்கும்." தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு பேர் இறந்துபோன செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதற்குப் பிறகும் விருந்தாளியிடம் இப்படிச் சொல்கிறார்கள் என்றால் இவர்களை என்ன சொல்வது? கணவர் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்தார். சுவெட்டர்மேல் சுவெட்டராகப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே மெத்தையில் நெருக்கி உட்கார்ந்து விடிய வைத்தோம்.

அங்கே கேர்டேக்கராக இருந்தது உள்ளூர்ப் பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு குடத்தில் விறகு அடுப்பு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தது அவன்தான். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "அக்கா, உங்களுக்கும் இதே போட்டோதானா? இந்த மாதிரி வீடு இந்தப் பக்கம் எங்கயுமே இல்லக்கா" என்றான். அவனுக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாம். இடம் ஒரு விவசாயியுடையது, வெளியூர்க்காரர் ஒருவர் லீசுக்கு எடுத்திருக்கிறார், இன்ஸ்டா பக்கம் நடத்துவது இன்னொருவர், கமிஷனுக்கு ஆள் அனுப்புவது மூன்றாவது ஆள். பிரச்சினை என்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிடலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற பூமி இது. பூண்டுக்கு விலை விழுகிற வருஷம் இந்த மாதிரி ஆட்களுக்கு லீசு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்று அந்தப் பையன் சொன்னபோது மனசு கஷ்டமாக இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் அதே மரவீடு வேறு ஏதேதோ நாட்டுத் தளங்களில் வருகிறது. அட்வான்ஸ் அனுப்பும் முன் நீங்கள் இதை ஒரு நிமிஷத்தில் செய்துவிடலாம். அதைவிட நல்லது வீடியோ கால். ரெக்கார்ட் செய்த வீடியோ வேண்டாம், நேரலையில் ரோட்டிலிருந்து நடந்து வந்து வாசல், கட்டில், பாத்ரூம், கீசர் சுவிட்ச் எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். சிக்னல் இல்லை என்று சொன்னால், சரி, அங்கே அவசரத்துக்கு உங்களாலும் யாரையும் கூப்பிட முடியாது என்று புரிந்துகொள்ளுங்கள். யூபிஐயில் பணம் போடும்போது திரையில் வருகிற பெயரும் அவர்கள் சொன்ன பெயரும் ஒன்றா என்று பாருங்கள். எங்களுடையதில் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வந்தது, "அக்கவுண்டன்ட் நம்பர் மேடம்" என்றார்கள்.

ஹோம்ஸ்டே என்று யாராவது சொன்னால் சுற்றுலாத் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவுக்கு வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. குடும்பமே இல்லாத தகரக் கொட்டகை எப்படி ஹோம்ஸ்டே ஆகும்? டென்ட் ஸ்டே என்று காட்டினால் இன்னும் ஜாக்கிரதை, கொடைக்கானலில் டென்ட் போட்டு ஆள் தங்க வைப்பதற்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கிறது. ராத்திரி அதிகாரிகள் வந்து காலி செய்யச் சொன்னால் தெருவில் நிற்பது நாம்தான்.

என்னைக் கேட்டால் முதல் ராத்திரியை டவுனில் போட்டுவிட்டு, காலையில் வெளிச்சத்தில் மேல்மலைக்குப் போய், இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் கண்டிப்பாக இப்படித்தான் செய்ய வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "அதான் தங்கிட்டீங்களே மேடம்" என்று பதில் வந்தது, அப்புறம் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். சில நாள் கழித்து வேறொரு நம்பரிலிருந்து, ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து யூபிஐ பின் நம்பர் போடுங்கள் என்று வந்தது. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை, பின் போட்டால் நம் பணம்தான் போகும். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து அந்த நம்பரைச் சொன்னேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவாகிவிட்டது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, அன்று ராத்திரி எடுத்த வீடியோ எல்லாம் கையில் இருக்கிறது, மதுரையிலேயே போடுகிறோம். இந்த மாதிரி மாட்டியவர்கள் பேசிய பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

அந்த இன்ஸ்டா பக்கம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டு அதே படத்தோடு பொங்கல் விடுமுறைக்கு ஆள் பிடிக்கிறது. ஏ வடிவ மரவீடு, மரத்தளத்தில் இரண்டு பிரம்பு நாற்காலி, "மன்னவனூர் வேலி வியூ, லிமிடெட் ஸ்லாட்" என்று பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே நேரலை வீடியோ கேளுங்கள், காட்ட மறுத்தால் கிளம்பாமல் அங்கிருந்தே 1930-க்குப் போன் செய்யுங்கள்.