இரு சிறுநீரகங்களும் சுருங்கிய பின்: மருத்துவமனை டயாலிசிஸா, வீட்டு டயாலிசிஸா?

வளர்ந்தவர்களின் சிறுநீரகம் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நாள்பட்ட அழற்சியாலோ உயர் இரத்த அழுத்தத்தாலோ அது சுருங்கி, உள்ளே தழும்பு படிந்துவிட்டதென்று ஸ்கேன் காட்டிய பிறகு எந்த மருந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மூலிகைப் பொடியால் சரியாகிவிடும் என்று நம்பி மாதங்களை இழக்கும் குடும்பங்களுக்காகவே இதை முதலில் சொல்கிறேன். ஒன்று மட்டும் சுருங்கி, மற்றது நன்றாக இயங்கினால், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக் கண்காணிப்பதே பெரும்பாலும் போதும். இரண்டும் செயலிழக்கும்போதுதான் டயாலிசிஸ் பற்றிய கேள்வி எழுகிறது.

நம்மவர் பலருக்கும் தெரிந்தது, மருத்துவமனையில் இரத்தத்தைக் கருவி வழியே செலுத்திச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ். வழக்கமாக வாரம் 3 முறை, முறைக்குச் சுமார் 4 மணி நேரம். எல்லாவற்றையும் செவிலியர் பார்த்துக்கொள்வதால் வீட்டாரின் சுமை குறைகிறது. ஆனால் இதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா பக்குவப்படப் பல வாரங்கள் ஆகும் என்பதால் முன்கூட்டியே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் கையில் ஊசி குத்தவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ விடக்கூடாது. தண்ணீருக்கும், இளநீர், வாழைப்பழம் போன்ற பொட்டாசியம் மிகுந்தவற்றுக்கும் கட்டுப்பாடு கடுமையானது.

வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸில் வயிற்றில் பொருத்திய குழாய் வழியே, பெரும்பாலும் 2 லிட்டர் கரைசலைச் செலுத்திச் சில மணி நேரம் கழித்து வடிக்கிறார்கள். பொதுவாக நாளைக்கு 4 முறை, முறைக்கு அரை மணி நேரம். இன்னும் ஓரளவு சிறுநீர் கழிப்பவருக்கும், டயாலிசிஸ் மையத்துக்குப் பேருந்து மாறிச் செல்ல வேண்டிய கிராமத்தவருக்கும் இதுவே ஏற்றது என்பது என் கருத்து. இருந்தும் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்பதே என் வருத்தம். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான கரைசல் பைகள் வீட்டுக்கே தரப்படுகின்றன. கை சுத்தம் தவறினால் வயிற்றறையில் தொற்று வரும் என்பதே இதன் பெரிய ஆபத்து. வடியும் நீர் கலங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கரைசலில் குளுக்கோஸ் இருப்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு மருந்தளவை மாற்ற நேரலாம். வயிற்றில் பல அறுவைகள் நடந்தவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

உடல்நிலை இடம் கொடுத்தால் மாற்றுச் சிறுநீரகமே இரண்டையும் விட மேலானது. கொடையாளி கிடைக்கும் வரையிலான காலத்துக்கே மேற்சொன்ன தேர்வு. சுருங்கியவற்றைப் பெரும்பாலும் அகற்றாமல், புதியதை அடிவயிற்றில் பொருத்துகிறார்கள்.