அணி ஒற்றுமைக்கு ஒரு பொருள் வாங்குவதென்றால் ரிலே பேட்டனை வாங்குங்கள்

வீரர்களுக்குள் நம்பிக்கையை வளர்க்கும் என்று விற்கப்படும் பொருள்கள் ஏராளம். கண்கட்டுத் துணி, குழுவாகப் பிடிக்கும் வண்ணக் கயிறு, கேள்வி அட்டைகள், பாராசூட் துணி... ஒரு மாலை சிரித்துப் பழக இவை போதும். ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது பின்னால் வருபவரை நம்புகிறோமா என்பதை இவை சோதிப்பதில்லை. பேட்டன், அதாவது தொடர் ஓட்டத்தில் ஒருவர் அடுத்தவரிடம் கைமாற்றும் குழாய், சோதிக்கும். கால்பந்து, ஹாக்கி அணிகளும் ஒன்றிரண்டு வாங்கி வைக்கலாம்.

விதிப்படி அது ஒரே துண்டாலான, வழவழப்பான, உள்ளீடற்ற குழாய். நீளம் 28 முதல் 30 செ.மீ., விட்டம் சுமார் 4 செ.மீ., எடை குறைந்தது 50 கிராம். அலுமினியமே நல்ல தேர்வு. வாங்கும்போது விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் உருட்டி மடித்திருந்தால் எடுக்கலாம். வெட்டியபடியே விட்டிருந்தால் உள்ளங்கையைக் கிழிக்கும். கீழே விழுந்து விளிம்பு நசுங்கியதையும் ஒதுக்கிவிடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் சில சமயம் 50 கிராமைத் தொடாது, பழக மட்டும் ஆகும். மரம் பிடிக்கச் சுகம், ஈரம் பட்டால் சிலாம்பு எழும். ஸ்பான்ஞ் சுற்றியது வேண்டவே வேண்டாம்: பிடிப்புக்காகக் கையுறை போடுவதையோ பசை தடவுவதையோ போட்டி விதி அனுமதிப்பதில்லை, வழுக்கும் குழாயோடுதான் பழக வேண்டும். எட்டு நிற செட் பார்க்க அழகு. ஓர் அணிக்கு இரண்டே போதும்.

இனி பயன்பாடு. நான்கு பேர் வரிசையாக, ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியில், நின்றபடியே கை வீசி பின்னிருந்து முன்னால் கடத்தட்டும். வலது, இடது, வலது, இடது எனக் கைகள் மாறிவரும். கொடுப்பவரும் வாங்குபவரும் அரைத் தோள் விலகி நின்றால்தான் மோத மாட்டார்கள். கொடுப்பவர் "கை" என்று குரல் கொடுத்த பிறகே வாங்குபவர் கையை நீட்ட வேண்டும். நீட்டிய கை ஆடக்கூடாது. பேட்டனை அங்கே கொண்டு சேர்ப்பது கொடுப்பவர் பொறுப்பு. இது படிந்ததும் மெல்லோட்டம், பிறகு முழு வேகம்.

விஷயமே முழு வேகத்தில்தான் இருக்கிறது. நால்வர் தலா 100 மீட்டர் ஓடும் 4×100-இல் பேட்டனைக் கைமாற்றும் எல்லை 30 மீட்டர். அதன் தொடக்கத்தில் வாங்குபவர் நிற்க, அவருக்குப் பின்னால் 20 முதல் 25 பாத அளவு தள்ளித் தரையில் டேப் ஒட்டுங்கள். வருபவர் அதை மிதித்த நொடியில் இவர் திரும்பிப் பார்க்காமல் பறக்க வேண்டும். நம்பிக்கை இல்லாதவர் திரும்பிப் பார்ப்பார், அல்லது பாதி வேகத்தில் கிளம்புவார். வருபவர் முட்டிக்கொண்டு நின்றால் டேப்பை இன்னும் பின்னால் தள்ளுங்கள். எட்டவில்லையென்றால் முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு ஓரிரு பாத அளவுதான். நகர்த்துமுன், வாங்கியவர் உண்மையிலேயே முழு வேகத்தில் கிளம்பினாரா என்று பக்கவாட்டில் நிற்கும் மூன்றாவது வீரர் சொல்லட்டும். இல்லாவிட்டால் அவருடைய பயத்துக்கேற்ப டேப் நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு முழு வேக மாற்றங்களோடு நிறுத்துங்கள். கால் சோர்ந்தால் குறியெல்லாம் பொய்யாகிவிடும்.

பேட்டன் அந்த 30 மீட்டரைக் கடக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். அது தனியொருவரின் வேகம் அல்ல, ஜோடியின் கணக்கு. 2016 ரியோ ஒலிம்பிக்கின் 4×100 ஓட்டத்தில் ஜப்பான் ஆண்கள் அணி 37.60 வினாடியில் வெள்ளி வென்றது. அந்த நால்வரில் 100 மீட்டரை 10 வினாடிக்குள் ஓடியவர் அதுவரை யாருமில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தில் அமெரிக்காவின் ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுமே தகுதிச்சுற்றில் கடைசி மாற்றத்தில் பேட்டனைத் தவறவிட்டு வெளியேறின.

குறைகளும் உண்டு. இது இருவர் இருவராகவே வேலை செய்யும். பதினைந்து பேர் அணியில் ஜோடிகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வார்ம்-அப் சரியில்லாமல் நின்ற இடத்திலிருந்து பறந்தால் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும். தவறவிட்டவரைப் பார்த்துக் கோச் கத்தும் அணிக்கு வாங்கியும் பயனில்லை: அடுத்த தடவை எல்லாரும் திரும்பிப் பார்த்தே வாங்குவார்கள். தவறியதும் முதலில் அந்த இருவரே பேசட்டும், கோச் பிறகு. சிறுவர்களுக்கு 4 செ.மீ. விட்டம் கைக்கு அடங்காது. அவர்களுக்கென்று வரும் மெல்லியதை வாங்குங்கள்.