போட்டோமாக் ஆற்று பாஸ் மீன் போட்டி: 2,400 டாலர் பரிசைத் தராமல் ஏமாற்றிவிட்டார்கள்

மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் இருந்துகொண்டு, இருவர் குழுவாக பாஸ் மீன்பிடிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் நம்மவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். மேட்டவோமன் ஓடையிலுள்ள ஸ்மால்வுட் மாநிலப் பூங்காவின் படகுத்துறையிலிருந்து மே மாதம் புறப்பட்ட ஒரு போட்டியில் நானும் என் மைத்துனரும் இரண்டாம் இடம் பெற்றோம். அதற்குரிய 2,400 டாலர் இன்றுவரை வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் நேற்று இரவோடு போயிற்று.

நடத்தியவர் சமூக வலைத்தளக் குழு ஒன்றின் வழியாக ஆள் சேர்க்கும் தனி ஏற்பாட்டாளர். நுழைவுக் கட்டணத்தைக் கைப்பேசிச் செயலியில், நண்பருக்கு அனுப்பும் பணம் என்று குறித்து அனுப்பச் சொன்னார். அவரை நாங்கள் நம்பக் காரணம், எடை மேடையில் அவர் காட்டிய கண்டிப்புதான். ஜூன் 15 வரை அங்கே 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு குழுவின் மீனை அளவுப் பலகையில் வைத்து, வாலை இரு விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, கோட்டைத் தொடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். உயிரோடு கொண்டுவர வேண்டிய மீன் படகின் தொட்டியில் செத்துப்போனதற்காகத் தன் சொந்த நண்பரின் குழுவுக்கே கால் பவுண்டு கழித்தார். இப்படிப்பட்டவர் பணத்தில் கைவைப்பார் என்று யாருக்குத் தோன்றும்? கடல் ஓதம் வடிந்து ஓடையில் நீர் குறையும் நேரத்தில் அல்லி இலைகளின் ஓரமாக ரப்பர் புழுவை இழுத்து நாங்கள் பிடித்த ஐந்து மீன்களும் சேர்ந்து பதினாறு பவுண்டைத் தாண்டின. கதவளவு அட்டைக் காசோலையில் 2,400 என்று எழுதிக் கையில் கொடுத்துப் படமும் எடுத்தார்கள்.

அட்டையை எந்த வங்கியும் வாங்காது. உண்மைப் பணம் திங்கட்கிழமை என்றார். பிறகு விளம்பரதாரர் இன்னும் தரவில்லை என்றார். அதன்பின், 2022இல் ஈரி ஏரிப் போட்டியில் எடையைக் கூட்ட மீன் வயிற்றில் திணித்த ஈயக் குண்டு சிக்கியதிலிருந்து எல்லோரும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது, உங்கள் உண்மை கண்டறியும் சோதனையின் முடிவு நிலுவையில் உள்ளது என்று செய்தி அனுப்பினார். அப்படியொரு சோதனைக்கு எங்களை யாரும் அழைக்கவே இல்லை! எங்கே, எப்போது சோதித்தீர்கள் என்று என் மைத்துனர் கேட்ட மறுநிமிடம் இருவரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். செயலி நிறுவனமோ, நண்பருக்கு நீங்களாகவே அனுப்பிய கட்டணத்தை மீட்டுத் தர வழியில்லை என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. நண்பர் கணக்கில் கட்டணம் அனுப்பாதீர்கள். பரிசு எப்போது, எந்த வழியில் தரப்படும் என்பது விதித்தாளில் இல்லையென்றால் படகை இறக்காதீர்கள். மாநில இயற்கை வளத் துறைக்குத் தெரிந்து நடக்கும் போட்டியா என்று கேளுங்கள்.

மேரிலாந்தில் 5,000 டாலர் வரையிலான வழக்கை மாவட்ட நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவிலேயே தொடுக்கலாம் என்பதால், எங்கள் 2,400 டாலருக்காக இந்த வாரமே மனு கொடுக்கிறோம். அதே மேடையில் அட்டைக் காசோலை வாங்கிய மற்றவர்களுக்குப் பணம் வந்ததா என்று தெரிந்தவர்கள், அவர் அனுப்பிய செய்திகளின் படங்களோடு எனக்குத் தனியாக எழுதுங்கள்.