தும்பி பச்சையாக எரிய வேண்டும்: ட்ராகன்ஃப்ளை ரெட்டுடன் மூன்று ஆண்டுகள்

பார்வைக்குப் பென்டிரைவ் போலவே இருக்கும் ஆடியோக்வெஸ்ட் ட்ராகன்ஃப்ளை ரெட் என்ற டிஏசியை (டிஜிட்டல் ஒலியை ஹெட்ஃபோனுக்கான மின்னலையாக மாற்றும் கருவி) மூன்று ஆண்டுகளாக மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். 2016-இல் வந்த கருவி இது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்காது. ஆனால் இதன் மேற்புறத்தில் உள்ள தும்பி வடிவ விளக்கு, உள்ளே வரும் ஒலியின் மாதிரி வீதத்துக்கு, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலி அளந்து பதியப்பட்டது என்ற எண்ணுக்கு ஏற்ப நிறம் மாறும்: 44.1-க்குப் பச்சை, 48-க்கு நீலம், 88.2-க்கு மஞ்சள், 96-க்கு வெளிர் நீலம். நான் செய்த தவறுகளில் பாதியைக் காட்டிக்கொடுத்தது இந்த விளக்குதான்.

வாங்கிய புதிதில், பெரிய எண்தான் சிறந்தது என்று நம்பி, விண்டோஸின் ஒலி அமைப்புகளில் 96000 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். தும்பி எப்போதும் வெளிர் நீலத்தில் ஒளிர்ந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. தரம் குறைந்த யூடியூப் காணொளிக்கும் அதே நிறம் எரிவதைக் கண்ட பிறகுதான், குறுந்தகட்டிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் பாடல்களைக்கூட விண்டோஸ் தானே 96-க்கு மாற்றிக் கணக்கிட்டு அனுப்புகிறது என்பது புரிந்தது. இந்த மாற்றம் காதுக்குத் தெரியும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பதிவில் இல்லாத எதையும் அது கூட்டித் தரப்போவதில்லை. ஃபூபார்2000 என்ற பாட்டுச் செயலியில், விண்டோஸின் கலவையைத் தாண்டி ஒலியை நேரே அனுப்பும் வசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையைத் தேர்ந்தெடுத்ததும் விளக்கு பச்சைக்கு மாறியது. இந்த முறையில் டிஏசி முழுவதும் அந்த ஒரு செயலியின் பிடிக்குப் போய்விடுவதால், பாட்டு ஓடும்போது அலுவலக அழைப்பு வந்தால் மணி ஒலிக்காது என்பதை ஒரு கூட்டத்தைத் தவறவிட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எந்தப் பாடலைப் போட்டாலும் நீலம்தான் எரிந்தது. எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் வெளியே அனுப்புவது அந்த இயங்குதளத்தின் வழக்கம். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ என்ற கட்டணச் செயலி தன் சொந்த டிரைவர் வழியாக இந்தக் கலவையைத் தவிர்த்துவிடுகிறது. 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, மாற்றமில்லாமல் அனுப்பும் வசதியை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது என்றாலும், கைப்பேசியும் பிளேயர் செயலியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

நிறத்தைவிட எனக்கு அதிகப் பயன் தந்தது ஒலியளவைச் சரியாகக் கையாளக் கற்றதுதான். ரெட் 2.1 வோல்ட் வரை தரும். இது 300 ஓம் மின்தடை கொண்ட சென்ஹைசர் எச்டி 600 போன்ற ஹெட்ஃபோனுக்குப் பொருத்தமானது. அதே கருவியில் குறைந்த வோல்ட்டிலேயே உரக்க ஒலிக்கும் இயர்ஃபோனை மாட்டினால், கைப்பேசியின் ஒலியளவை இரண்டாம் படியில் வைத்தால் போதாமலும், மூன்றாம் படியில் வைத்தால் அதிகச் சத்தமாகவும் இருக்கும். மேலே சொன்ன யூஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோவில் வன்பொருள் ஒலியளவைத் தேர்ந்தெடுத்தால் கட்டுப்பாடு ரெட்டின் உள்ளே உள்ள சிப்புக்கே போய்விடுவதால், படிகள் நுட்பமாகின்றன. ஈக்குவலைசரில் தாழ்சுரத்தை 5 டெசிபல் உயர்த்துபவர்கள் பிரீஆம்பை (ஈக்குவலைசரில் மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பட்டியை) அதே 5 டெசிபல் குறைத்துவிட வேண்டும், இல்லையெனில் ஒலி எல்லை மீறிக் கரகரக்கும். இதை அறியாமல், தவிலின் ஒவ்வொரு அடிக்கும் கேட்ட கரகரப்பைக் கருவியின் கோளாறு என்று நினைத்து, திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

டிஏசியைக் கைப்பேசியோடு இணைக்கும் ஓடிஜி வடத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. நான் வாங்கிய மலிவான முதல் வடம் சட்டைப் பைக்குள் சற்றே வளைந்தாலும் இணைப்பு அறுந்து, பாட்டு நின்றுவிடும். மொபைல் டேட்டா ஓடும்போது டிஏசி கைப்பேசியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால், அமைதியான ஆலாபனைக்கு நடுவே டிக் டிக் என்று மெல்லிய ஒலி நுழைந்தது. ஏரோபிளேன் மோடில் மறைந்தது. இப்போது பாடல்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

முதல் வாரம் எனக்கு ஏற்பட்ட பிரமிப்பில் பெரும்பங்கு, ஒலி கூடுதலாக இருந்ததால் வந்தது என்று பின்னர் சோதித்து உணர்ந்தேன். சத்தமாகக் கேட்பது நன்றாகக் கேட்பதாகவே காதுக்குத் தோன்றும். ஹெட்ஃபோன் துளை உள்ள பழைய கைப்பேசியையும் ரெட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர, 100 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு மல்டிமீட்டரால் வோல்ட்டை அளந்தேன். மலிவான மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் பிழை காட்டும் என்பதால்தான் இவ்வளவு தாழ்ந்த தொனி. பிறகு நண்பர் எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட, இயர்ஃபோனில் எது எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எச்டி 600-இலோ அந்தக் கைப்பேசி முழு அளவில் வைத்தும் மூச்சுத் திணறியது. அங்கே ரெட் தன் விலைக்கு நியாயம் செய்தது.

எனவே இயர்ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்கள் அதே வரிசையில் 1.2 வோல்ட் தரும், விலை குறைந்த ட்ராகன்ஃப்ளை பிளாக்கோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் காதுக்குச் சரியாக அடைக்கும் ரப்பர் முனைகளை இரண்டு மூன்று அளவுகளில் வாங்கிப் பார்க்கலாம். என் இயர்ஃபோனில் தாழ்சுரம் முழுமையாகக் கேட்கத் தொடங்கியது, ஒரு அளவு பெரிய முனையை மாட்டிய அன்றுதான்.