மிசின் டயாலிசிஸா, பை டயாலிசிஸா? தறிக்குடோன் வீட்டிலிருந்து ஒரு மருமகள்

போன வாரம் ஊத்துக்குளியிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் வழிச் சொந்தத்தில் ஒரு பெரியம்மா போன் செய்தார். அவர் வீட்டுக்காரருக்கு, கிட்னி கழிக்காமல் ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டுகிற கிரியாட்டினின் 8-ஐத் தாண்டிவிட்டதாம், டயாலிசிஸுக்குத் தயாராகச் சொல்லிவிட்டார்களாம். "உங்க மாமனாருக்குப் பைதான வெச்சிருக்கீங்க? அது தேவலையா அம்மிணி, இல்ல மிசினுக்கே கூட்டிட்டுப் போயிறட்டுமா?"

இரண்டரை வருஷத்தில் இந்தக் கேள்வி எனக்கு ஆறாவதோ ஏழாவதோ. ஒவ்வொரு தடவையும் போனில் அரை மணி நேரம் பேசுவதை ஒரு தரம் எழுதிவைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற வீட்டில் மருமகள். இரண்டு விதத்தையும் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் மனசு பைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

மாமாவுக்குச் சுகர் வந்து 22 வருஷம். மூத்திரத்தில் நுரை நிற்கிறது என்று அவரே சொன்னார், நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. அது புரதம் ஒழுகுகிற நுரை. அப்புறம் கால் வீங்கியது. அதற்கும் அப்புறம் நடந்ததுதான் கூத்து. சுகர் தானாகவே இறங்க ஆரம்பித்தது. 40 யூனிட் இன்சுலின் போட்டவருக்கு 22 யூனிட்டிலேயே நடுக்கமும் வேர்வையும் வந்தன. சுகர் குணமாகிறது என்று அத்தை மருதமலைக்குப் போய் வேண்டுதலைத் தீர்த்துவிட்டு வந்தார். கிட்னி கெட்டுப்போனால் போட்ட இன்சுலின் சீக்கிரம் கழியாமல் உடம்பிலேயே தங்கும், அதனால்தான் சுகர் இறங்குகிறது என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. யார் வீட்டிலாவது பழைய சுகர்காரருக்கு மருந்து திடீரென்று குறைவாகவே போதும் என்றானால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் கிரியாட்டினின் பாருங்கள்.

ஒரு ராத்திரி மூச்சு வாங்கி, கழுத்தில் குழாய் போட்டு அவசரமாகத்தான் டயாலிசிஸ் தொடங்கியது. அதனால் முதல் இரண்டரை மாதம் மிசின்தான்.

தெரியாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. மிசின் என்பது ஹீமோடயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டி வழியாக ஓட்டி, உள்ளே திருப்பி அனுப்புவார்கள். வாரத்துக்கு 3 தடவை, ஒரு தடவைக்கு 4 மணி நேரம். பை என்பது சி.ஏ.பி.டி. வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வுதான் அங்கே வடிகட்டி. தொப்புளுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அதன் வழியாக 2 லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுசு விட வேண்டும். பலருக்கு நாளைக்கு 4 பை, மாமாவுக்கு 3.

மிசினைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆளைக் கொண்டுபோய் விட்டால் போதும், மற்றதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். வீடு வீடாகவே இருக்கும். பக்கத்துக் கட்டில்காரரோடு மாமா மஞ்சள் விலை, மழை, நூல் விலை என்று பழமை பேசிக்கொண்டிருப்பார். ஆனால் கோயமுத்தூருக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் காத்திருப்பு. விடியக்காலம் கிளம்பினால் வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். கூடப் போகிற என் வீட்டுக்காரருக்கும் வாரத்தில் 3 நாள் தறி நின்ற மாதிரிதான்.

அதைவிடப் பெரிய தொந்தரவு பி.பி. பல வருஷச் சுகரில் நரம்பு கெட்டவர்களுக்கு மிசினில் தண்ணீரை இழுக்கும்போது பி.பி. சட்டென்று விழும். மாமாவுக்கு மூன்றாவது மணி நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வரும், கெண்டைக்கால் முறுக்கும். மறுநாள் முழுக்க ஆசாரத்துக் கட்டிலில்தான். ஆக வாரத்தில் 3 நாள் ஆஸ்பத்திரி, 3 நாள் படுக்கை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மனுசன்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மிசினில்தான் கெடுபிடி. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தோப்பிலிருந்து இளநீர் கொண்டுவந்தார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவருக்கு அது விஷம் என்று சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. பைக்கு மாறிய பிறகு பொட்டாசியம் நாள் முழுக்கக் கழிந்துகொண்டே இருப்பதால் ஒரு தடவை அளவுக்குக் கீழேயே போய், டாக்டரே பாதி வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார். அன்றைக்கு மாமா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இதை வைத்து யாரும் தானாகப் பழம் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் பார்த்துத்தான்.

மாறியதற்குக் காரணம் மூத்திரம். டயாலிசிஸ் தொடங்கும்போது நாளைக்கு 600 மில்லி போய்க்கொண்டிருந்தது. பொடக்காலியில் அளவு ஜாடி வைத்து நான்தான் குறித்தேன். பத்து வாரத்தில் அது 300-க்கு வந்துவிட்டது. பைக்கு மாறினால் மிச்சம் இருக்கும் மூத்திரம் இன்னும் கொஞ்ச நாள் போய்க்கொண்டிருக்கும், அது போகிறவரை தண்ணீர் குடிப்பதில் இவ்வளவு நெருக்கடி இருக்காது என்றார் டாக்டர். மிசின் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாயை இணைத்துவிடுகிற ஃபிஸ்டுலா போடலாம் என்று பார்த்தால், சுகரில் ரத்தக்குழாய் சுருங்கி இறுகிக் கிடந்தது. போட்டாலும் பழுக்க, அதாவது ஊசி குத்தத் தயாராக, 6 முதல் 8 வாரம் ஆகும், பழுக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பையில் ஊசி இல்லை என்றதும் மாமாவே, "அப்பச் சேரி, பையே வெச்சுருங்க" என்றார்.

இனிமேல்தான் விசயமே. பை நல்லதா மிசின் நல்லதா என்று கேட்கிறவர்கள் உடம்பைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைத் தீர்மானிப்பது பராமரிப்பு. நாளைக்கு 3 தடவை, ஒரு நாள் விடாமல், யாருடைய கை அந்தக் குழாயைத் திறந்து மூடப்போகிறது? அந்தக் கை எவ்வளவு சுத்தம்?

எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். 8 தறி. பஞ்சுத் தூசி எங்கே பார்த்தாலும் இருக்கும், காலண்டர் ஆணியில்கூடத் தாடி மாதிரி தொங்கும். பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் வீட்டைப் பார்த்துவிட்டு, இங்கே சரிப்படாது என்று முதலில் சொல்லிவிட்டார். நூல் கோன் அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து, தோள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். திரைச்சீலை, காலண்டர், சாமி படம் எல்லாம் வெளியே போயின. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் பை மாட்டக் கொக்கி. அவ்வளவுதான் அந்த அறை. விளக்குமாறே உள்ளே நுழையாது, ஈரத்துணி மட்டும்.

காலை 6, மத்தியானம் 1, ராத்திரி 8. முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். மேசையைத் துடைத்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் சோப்பு, விரல் இடுக்கு, நகக்கண். நகம் வளர்க்கவே கூடாது. வளையலை நான் கழற்றியது கழற்றியதுதான். குழாய் நுனியும் பை நுனியும் சேருகிற அந்த ஒரு நொடிதான் முழு வேலையும். நுனியில் விரல் பட்டாலோ, சட்டையில் உரசினாலோ, அப்படியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும். பரவாயில்லை என்று மாட்டிவிடுவது மட்டும் கூடாது. வடிய 20 நிமிஷம், ஏற 10 நிமிஷம், கடைசியில் அயோடின் உள்ள புது மூடி. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

வடிந்த பையைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு பழக்கம். நியூஸ் பேப்பர் மேல் வைத்துப் பார்ப்பேன். அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. பதினான்காவது மாதம், ஆடிக்காற்று பேயாக அடித்த ஒரு நாள், எழுத்து தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றுச் சவ்வில் கிருமி, பெரிட்டோனைட்டிஸ். கலங்கிய பையைக் கொட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினோம், அதைத்தான் அவர்கள் சோதிப்பார்கள். ஆன்டிபயாட்டிக்கைப் பைக்குள்ளேயே கலந்து இரண்டு வாரம் விட்டு, சரியானது. முந்தின நாள் ஜன்னல் கொண்டி சரியாக விழாமல் காற்றில் திறந்துகொண்டதா, என் விரல்தான் பட்டதா, இன்றுவரைக்கும் தெரியாது. நான் அழுததைப் பார்த்துவிட்டு, "அதுக்கென்னங்கம்மிணி, ஆடிக்காத்து மேல கேஸா போட முடியும்" என்றார் மாமா.

ஒரே ஆள் போதாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியும் நுனி சரியாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டார், ஆனால் தறி ஆயில் நகக்கண்ணில் இருந்து போக அவருக்குப் பத்து நிமிஷம் தேய்க்க வேண்டும். தேய்க்கிறார். அதனால்தான் நான் அவிநாசியில் அம்மா வீட்டில் இரண்டு ராத்திரி தங்க முடிகிறது. அதற்கு மேல் தங்கியதில்லை. நோம்பி நொடி எல்லாம் 6, 1, 8 பார்த்துத்தான்.

சுகர்காரர்களுக்குப் பையில் இன்னொரு சங்கடம் உண்டு. மருந்துத் தண்ணீரில் இருப்பதே சர்க்கரை, அதாவது டெக்ஸ்ட்ரோஸ். 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று பலம். பலம் கூடினால் தண்ணீர் அதிகம் இழுக்கும், சர்க்கரையும் அதிகம் உடம்புக்குள் போகும். மாமாவுக்கு இன்சுலின் மறுபடி ஏறியது, 4 கிலோ எடையும் ஏறியது. உப்பையும் தண்ணீரையும் அடக்கினால் 1.5-லேயே ஓட்டலாம். கொள்ளுரசம் உப்பில்லாமல் இறங்காது என்று அவர் செய்கிற சண்டை தனி. வடிகிற தண்ணீரோடு புரதமும் போவதால் முட்டை வெள்ளைக்கரு கட்டாயம். மலச்சிக்கல் இருந்தால் தண்ணீர் சரியாக வடியாது, அதையும் கவனியுங்கள். ராத்திரிக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்கிற வேறு வகைப் பை எழுதிக்கொடுத்தால், உங்கள் குளுக்கோமீட்டர் அதற்குச் சரிப்படுமா என்று கேட்காமல் வராதீர்கள். சில மீட்டர்கள் இல்லாத சுகரைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

செலவு. மிசின் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்துவிடும். பையை ஆரம்பத்தில் சொந்தக் காசில் வாங்கினோம், மாதம் 25 ஆயிரத்துக்கு மேல் ஆனது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் டயாலிசிஸ் பையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் உண்டு. பணத்துக்குப் பயந்து பை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இடமும் வேண்டும். மாதம் 90 பை, ஒன்று 2 லிட்டர், 180 லிட்டர் தண்ணீரை அட்டைப்பெட்டியில் அடுக்கிவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாட்டுக்கும் பையையே ஏன் பிடித்திருக்கிறது என்றால், மாமா எழுந்து நடக்கிறார். மெல்ல அடியெடுத்து வைத்துக் குடோனுக்குள் எட்டிப் பார்த்து, இழை அறுந்த தறியைக் காட்டித் திட்டுகிறார். போன தையில் தாராபுரத்துக் கல்யாணத்துக்குக் காரில் பையோடு போனோம். சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறையைத் துடைத்து, ஜன்னல் கம்பியில் பையை மாட்டி, ஒரு மணிப் பையை முடித்துவிட்டுப் பந்திக்குப் போனார். மிசினில் இருந்தபோது இது நடந்திருக்காது.

ராத்திரி தூங்கும்போது மிசினே பையை மாற்றிவிடுகிற முறையும் இருக்கிறது. பயிற்சியில் கண்ணால் பார்த்ததோடு சரி, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உடம்பு தாங்குகிறவர்களுக்கு இந்த இரண்டையும்விட மாற்றுக் கிட்னிதான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மாமாவின் இதயத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. என் அனுபவம் இரண்டரை வருஷம்தான். வருஷம் போகப் போக வயிற்றுச் சவ்வு களைத்துவிடலாம், அப்போது மறுபடி மிசினுக்கு வர வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்.

ஊத்துக்குளிப் பெரியம்மாவிடம் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். பையன் பெங்களூரில். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். பெரியம்மாவுக்குக் கை நடுக்கம், பெரியப்பாவுக்குச் சுகரில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. திருப்பூரில் டயாலிசிஸ் சென்டர், போய்வர ஆட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார்.

"பெரீம்மா, நீங்க மிசினுக்கே கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"உங்க மாமாவுக்கு மட்டும் பை வெச்சுட்டு எனக்கு இப்பிடிச் சொல்றீங்களே அம்மிணி."

"இங்க நானும் அவரும் இருக்கறமுங்க. அங்க யாருங்க இருக்கறாங்க?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கையில என்னமோ போடோணும்ங்கறாங்களே, எந்தக் கையில போடுவாங்க?" என்றார்.

"எழுதற கைய உட்டுட்டு அடுத்த கையிலங்க. இப்பவே டாக்டருகிட்டச் சொல்லிப் போட்டுருங்க, அப்பத்தான் பழுக்க நேரமிருக்கும், எங்களாட்டக் கழுத்துக் குழாய்ல ஆரம்பிக்க வேண்டாம். அந்தக் கையில இனிமே ரத்தம் எடுக்கவோ பி.பி. கட்டவோ ஒருத்தரையும் உடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மணி ஒன்றாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.