கொளத்தூர் முதல்வர் படைப்பகம்: ஃபர்ஸ்ட் இயருக்கு உதவுமா?

சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட இடம். ஒரு தளத்தில் வேலை செய்பவர்களுக்கான கோ-ஒர்க்கிங் (பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் வேலையிடம்), இன்னொன்றில் மாணவர்களுக்கான படிப்பு மையம். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரும் டிவியும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுவே பெரிய வரம். இருக்கைகள் குறைவு, அதனால் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஆனால் சும்மா போய் உட்கார்ந்தால் மார்க் வராது, நூலகப் புத்தகமும் கையில் வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011-ல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களை ஆராய்ந்தார்கள். நூலகத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களின் முதல் செமஸ்டர் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. படிப்பைத் தொடர்ந்தவர்களும் அவர்களில் அதிகம். புத்தகம் எடுத்ததும் நூலகத்தின் இணையத் தரவுத்தளங்களில் கட்டுரை தேடியதும் மதிப்பெண்ணோடு சேர்ந்தே போயின. (படிக்கிற பிள்ளைதான் நூலகத்துக்கும் போகும் என்ற சந்தேகம் நியாயமானதே.)

ஆகவே கல்லூரி நூலக அட்டையை முதல் வாரமே வாங்குங்கள். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரம் மேத்ஸ் புத்தகம் ஒரு பிரதிகூட ரேக்கில் மிஞ்சாது. பதினைந்து நாள் முன்பே எடுத்துவிட வேண்டும். அந்தப் புத்தகம், பழைய வினாத்தாள், ஹெட்போன் மூன்றோடும் படைப்பகம் போனால் ஒரே அமர்வில் ஒரு யூனிட் கணக்கு முடியும். வெறும் போனோடு போனால் ரீல்ஸ்தான் ஓடும்.