சிஎம்ஆர், எஸ்எம்ஆர்: இரண்டையும் வாங்கிப் பார்த்தபின்

வீட்டு பேக்கப்புக்காக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். இரண்டும் 4 டிபி, 3.5 அங்குலம். ஒன்று சிஎம்ஆர், அதாவது தகவலை வழக்கமான முறையில் பதிவது. விலை குறைவான மற்றது எஸ்எம்ஆர், அதாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கிப் பதிவது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பெட்டியில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை.

சத்தம், சூடு, படிக்கும் வேகம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எழுதியதை அழித்துத் திரும்ப எழுதும்போதுதான் வருகிறது.

1956-ல் வந்த ஐபிஎம் ராமாக் கணினியின் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. அங்குலத்துக்கு 20 ட்ராக் (தகவல் பதியும் வட்டப் பாதை); மொத்தக் கொள்ளளவே 50 லட்சம் எழுத்து. அதற்கப்புறம் நடந்ததில் பாதி, ட்ராக்குகளை நெருக்கிக்கொண்டே போன கதை. படுக்கைவாட்டில் பதிந்த காந்தப் பதிவு 2005 முதல் செங்குத்துக்கு மாறியது. அந்த இடமும் பற்றாமல் போக, 2013-ல் சீகேட் எஸ்எம்ஆரைக் கொண்டுவந்தது.

எழுதும் தலைக்கு அகலமான ட்ராக் வேண்டும். படிக்கும் தலைக்கு மெல்லிய கீற்றே போதும். சிஎம்ஆரில் ட்ராக்குகள் தனித்தனியாக நிற்கும். எஸ்எம்ஆரில் கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒன்றின் ஓரத்தில் அடுத்தது ஏறி உட்காரும். அதே தட்டில் கூடுதல் இடம் கிடைக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் உடைந்த ஓடு ஒன்றை மாற்ற ஏறியவருக்குத் தெரியும், அதன்மேல் படிந்திருப்பவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். இங்கேயும் அதே கதி: ஒரு ட்ராக்கைத் திருத்தினால் பக்கத்து ட்ராக் அழியும். அதனால் சேர்ந்திருக்கும் ட்ராக்குகளின் ஒரு பட்டை முழுவதையும் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. டிஸ்க் இதை வெளியே காட்டிக்கொள்ளாது. வருவதைத் தனியாக ஒதுக்கிய இடத்தில் போட்டுவைத்து, சும்மா இருக்கும் நேரத்தில் அடுக்கும். அந்த இடம் நிரம்பிவிட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

என்னுடையதை முதல் தடவை நிரப்பியபோது ஒழுங்காகத்தான் ஓடியது. பழைய வீடியோக்களை அழித்துவிட்டுப் புதியவற்றை ஏற்றியபோது, மாலையில் ஆரம்பித்த காப்பி மறுநாள் காலையிலும் முடியவில்லை. அதே கோப்புகளை சிஎம்ஆர் இரவுச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டது.

பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து (ரெய்டு) நெட்வொர்க்கில் வைக்கும் சேமிப்புப் பெட்டியில் (நாஸ்) இது இன்னும் மோசம். பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எம்ஆரைச் செருகினால், தகவலை மீட்டெழுதும் வேலை நாள்கணக்கில் இழுக்கலாம். நான் ரெய்டு வைத்ததில்லை. ஆனால் சில மாடல்களில் எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றது 2020-ல் வெளிவந்தபோது, அதிகம் கொதித்தவர்கள் நாஸ்காரர்கள்தான்.

எஸ்எம்ஆர் வீண் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் கல்யாண ஆல்பத்துக்கு அது தாராளமாகப் போதும். என்னுடையது இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது. ஆயுளில் எது தேறும் என்று சொல்ல என்னுடைய இரண்டு வருட அனுபவம் பத்தாது. பையில் போட்டுப்போகும் 2.5 அங்குல டிஸ்க் என்றால் பெரிய கொள்ளளவில் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான், தேர்வுக்கே இடமில்லை. மற்றபடி தினமும் எழுதி அழிக்கிற வேலைக்கு, கூடுதல் காசு கொடுத்தாவது சிஎம்ஆர் வாங்குங்கள். பணம் கட்டும் முன் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பார்த்துவிடுங்கள்; ஒரே பெயரில் வரும் டிஸ்க்குகளிலும் ஒரு கொள்ளளவு சிஎம்ஆராகவும் இன்னொன்று எஸ்எம்ஆராகவும் இருப்பதுண்டு.